மண் தொடாத கொடி

நுழையும்முன்

போர்க்களத்தில் வெளிப்படும் வீரம் சில நாழிகைகளில் முடிந்துவிடும். அவ்வீரத்திற்குரிய மதிப்பைப் பெறுவதற்கான போராட்டமோ ஒரு தலைமுறைக்காலம் நீளக்கூடும். அடிமையாகப் பிறந்து, படைவீரராக உயர்ந்து, குண்டடிபட்ட நிலையிலும் தம் படையின் கொடியைக் காத்தவர் வில்லியம் ஹார்வி கார்னி. அந்தச் செயலுக்கான பதக்கம் அவர் கைக்கு வந்துசேர ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆயின. அவருடைய வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம்.

திரையில் முடிந்த கதை

1989ஆம் ஆண்டு ‘குளோரி’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தது. பெரும்புகழ் என்பது அச்சொல்லின் பொருள். எட்வர்ட் ஸ்விக் இயக்கிய அப்படம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் பக்கம் நின்று போரிட்ட 54ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படைப்பிரிவின் கதையைச் சொல்கிறது. அப்படைப்பிரிவின் வீரர்கள் கறுப்பினத்தவர். அவர்களை நடத்திய அதிகாரிகள் வெள்ளையர். படத்தில் கறுப்பின வீரர் ஒருவராக நடித்த டென்சல் வாஷிங்டன், சிறந்த துணைநடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். பள்ளி நூல்களில் ஓரிரு வரிகளுக்குமேல் இடம்பெறாதிருந்த ஒரு வரலாற்றை அத்திரைப்படம் உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

எனினும், திரைப்படம் வேறு, வரலாறு வேறு. படத்தில் வரும் கறுப்பின வீரர்களுள் பெரும்பாலோர் கற்பனைப் பாத்திரங்கள். அவர்களுள் பலர் தப்பி வந்த அடிமைகளாகக் காட்டப்படுகின்றனர். உண்மையில் அப்படைப்பிரிவில் சேர்ந்தோருள் மிகப்பலர் வடமாநிலங்களில் உரிமையுடன் பிறந்து வளர்ந்தவர்கள். அடிமையாகப் பிறந்தவர்களும் அவர்களோடு தோள்சேர்ந்து நின்றனர். வாக்னர் கோட்டையின்மீது நடந்த தாக்குதலோடும், மாண்டவர்கள் ஒரே குழியில் புதைக்கப்பட்டதோடும் திரைக்கதை முடிகிறது. அந்தக் கோட்டை மதிலில் கொடியை நிறுத்திவிட்டு உயிரோடு மீண்ட கார்னியின் வாழ்க்கை, அதன்பின் 45 ஆண்டுகள் தொடர்ந்தது.

அடிமையாகப் பிறந்த சிறுவன்

வில்லியம் ஹார்வி கார்னி 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் துறைமுக நகரான நார்ஃபோக்கில் பிறந்தார். அன்றைய தென்மாநிலச் சட்டப்படி, அடிமைத்தாயின் வயிற்றில் பிறந்த குழந்தையும் அடிமையே. பருத்தி, புகையிலை, நெல் ஆகியவற்றின் விளைச்சலால் செழித்த தென்மாநிலங்களில், மனித உழைப்பு கால்நடையைப்போல் விலைபேசி விற்கப்பட்டது. தாயை ஓர் ஊரிலும் மகனை வேறோர் ஊரிலும் விற்பதற்கு உடைமையாளருக்கு உரிமை இருந்தது. எழுத்தறிவு பெற்றவர்கள் அடிமைமுறைக்கு அடங்கமாட்டார்கள் என்று ஆள்வோர் அஞ்சினர். ஆகவே, கறுப்பின மக்களைக் கூட்டிவைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை வர்ஜீனியா சட்டத்தால் தடைசெய்திருந்தது.

அந்தத் தடையை மீறிக் கார்னி கல்வி கற்றார். 14 வயதில், சமயகுரு ஒருவர் மறைவாக நடத்திய பள்ளியில் அவர் சேர்ந்தார். கற்ற கல்வி அவருக்குள் ஒரு கனவை விதைத்தது. தாமும் சமயப்பணி ஆற்றவேண்டும் என்பதே அக்கனவு.

பின்னர் அவருடைய குடும்பம் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு நகரில் குடியேறியது. திமிங்கில வேட்டைக் கப்பல்களால் வளம்பெற்ற நகரம் அது. தப்பி வரும் அடிமைகளுக்கு அடைக்கலம் தருவதிலும் அது பெயர்பெற்றிருந்தது. அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தலைவராகப் பின்னாளில் விளங்கிய ஃபிரெடரிக் டக்ளஸ், 1838இல் அடிமைத்தளையிலிருந்து தப்பியதும் அந்நகரில்தான் வாழத்தொடங்கினார்.

வடக்கே வந்தபோதிலும் அச்சம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. தப்பியோடிய அடிமையை எங்கிருந்தாலும் பிடித்து உடைமையாளரிடம் ஒப்படைக்க, 1850ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. கறுப்பினத்தவர் அமெரிக்காவின் குடிமக்களாக முடியாது என 1857இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறந்த மண்ணிலேயே குடியுரிமை மறுக்கப்பட்டவராகக் கார்னி தம் இளமையைக் கழித்தார்.

படையில் ஓர் இடம்

அடிமைமுறையைக் காக்க விரும்பிய தென்மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்து, தனிக் கூட்டமைப்பை நிறுவின. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கே வாழ்ந்த கறுப்பின இளைஞர்கள் படையில் சேர முன்வந்தனர்; ஆனால், திருப்பி அனுப்பப்பட்டனர். ஒன்றியத்தைக் காப்பதே போரின் நோக்கம் என்றும், அது வெள்ளையரின் போர் என்றும் அரசு கருதியது. கறுப்பினத்தவர் துப்பாக்கி ஏந்திப் போரிடத் தகுதியற்றவர் என்ற எண்ணம் வடக்கிலும் பரவியிருந்தது.

ஈராண்டுப் போர் அந்நிலையை மாற்றியது. 1863ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட விடுதலை அறிக்கை, கறுப்பினத்தவரைப் படையில் சேர்ப்பதற்கும் இடமளித்தது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ அம்மாதமே இசைவுபெற்று, 54ஆவது படைப்பிரிவைத் திரட்டத் தொடங்கினார். டக்ளஸ் அதற்கு ஆள்சேர்க்கும் பணியை ஏற்றார். தம் மக்கள் லூயிஸ், சார்லஸ் இருவரையும் அப்படையில் சேர்த்தார்.

கார்னிக்கு அப்போது வயது 23. சமயப்பணி பற்றிய கனவை அவர் ஒதுக்கிவைத்தார். நாட்டிற்காகவும், தளையில் வாடும் தம் இனத்தவருக்காகவும் போரிடுவதே இறைவனுக்குச் செய்யும் சிறந்த தொண்டு என்று முடிவுசெய்து படையில் சேர்ந்தார். நியூ பெட்ஃபோர்டு இளைஞர்கள் இடம்பெற்ற ‘சி’ அணியில் அவர் சார்ஜண்ட் ஆனார்.

அப்போது பாஸ்டன் நகருக்கு அருகிலிருந்த ரீட்வில்லில் பயிற்சி நடைபெற்றது. படைப்பிரிவின் தலைவராகப் பொறுப்பேற்ற கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா, அடிமை ஒழிப்பில் ஈடுபாடுகொண்ட செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கும் வயது 25தான். பயிற்சியின்போதே வீரர்கள் தம்மைச் சூழ்ந்திருந்த பேரிடரை உணர்ந்திருந்தனர். பிடிபடும் கறுப்பின வீரர்கள் போர்க்கைதிகளாக நடத்தப்படமாட்டார்கள். அடிமைகளாக்கப்படலாம் அல்லது கொல்லப்படலாம். அவர்களை நடத்தும் வெள்ளை அதிகாரிகளுக்கும் மரண தண்டனை விதிக்கப்படலாம். தென்மாநிலக் கூட்டமைப்பின் அறிவிப்பு அத்தகையதாக இருந்தது. அதை அறிந்தே அவர்கள் களம்புகுந்தனர். 1863ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் பாஸ்டன் வீதிகளில் மக்கள் திரண்டு நிற்க, அப்படை அணிவகுத்துச் சென்று தெற்கு நோக்கிக் கப்பலேறியது.

வாக்னர் கோட்டை

தென் கரோலைனா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில்தான் போரின் முதல் குண்டு வெடித்தது. அத்துறைமுகத்தின் நுழைவாயிலில் உள்ள மாரிஸ் தீவில் வாக்னர் கோட்டை அமைந்திருந்தது. மணலாலும் பனையினத்தைச் சேர்ந்த மரங்களாலும் எழுப்பப்பட்ட அரண் அது. மணல் மதில் பீரங்கிக் குண்டுகளை உள்வாங்கிக்கொள்ளும், எளிதில் தகர்ந்துவிடாது. ஒருபுறம் கடல், மறுபுறம் சதுப்புநிலம். இடையிலிருந்த குறுகிய மணற்பரப்பு வழியாகவே கோட்டையை நெருங்க முடியும். மதிலின்முன் நீர் நிறைந்த அகழியும் இருந்தது.

சூலை 16ஆம் நாள் அருகிலிருந்த ஜேம்ஸ் தீவில் 54ஆவது படைப்பிரிவு முதன்முறையாகப் பகைவரை எதிர்கொண்டு, உறுதியாக நின்று போரிட்டது. அன்றிரவே சதுப்புநிலத்தின் வழியே மழையில் நடக்கத் தொடங்கிய அவ்வீரர்கள், போதிய உணவும் உறக்கமும் இல்லாமல் 18ஆம் நாள் மாலை மாரிஸ் தீவை அடைந்தனர். அன்று பகல் முழுவதும் வடமாநிலப் பீரங்கிகளும் போர்க்கப்பல்களும் கோட்டையைத் தாக்கியிருந்தன. உள்ளே இருந்தோர் பெரும்பாலும் அழிந்திருப்பர் என்று தளபதிகள் எண்ணினர். உண்மையில், கோட்டைப் படையினர் குண்டுபுகா அறைகளில் பதுங்கிக் காத்திருந்தனர்.

தாக்குதலில் முன்னணியில் செல்லும் பொறுப்பை ஏற்க வாய்ப்பு வந்தபோது, கர்னல் ஷா அதனை ஏற்றுக்கொண்டார். களைத்திருந்த வீரர்கள் ஏறத்தாழ 600 பேர், அந்தி மயங்கும் வேளையில் மணற்பரப்பில் அணிவகுத்து நின்றனர்.

மதிலின்மேல் ஒரு கொடி

அக்காலப் போரில் கொடி வெறும் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை. வெடிப்புகை சூழ்ந்த களத்தில் ஆணைகள் காதில் விழா. எத்திசையில் முன்னேறுவது என்பதும் புலப்படாது. கொடி செல்லும் திசையே படை செல்லும் திசை. கொடி நிற்குமிடமே சிதறியோர் திரளும் இடம். ஆகையால், பகைவரின் துப்பாக்கிகள் முதலில் குறிவைப்பது கொடி ஏந்தியவரைத்தான். கொடியை ஏந்துவோர் தம் இறப்பை எதிர்நோக்கியே அதனை ஏந்தினர்.

படை கோட்டையை நெருங்கியதும் மதிலின்மேல் பகைவர்கள் தோன்றினர். துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஒருங்கே முழங்கின. முன்வரிசையில் சென்றவர்கள் கொத்துக்கொத்தாக வீழ்ந்தனர். நாட்டுக்கொடியை ஏந்திச்சென்ற ஜான் வால் என்னும் சார்ஜண்டும் தளர்ந்தார். அவர் கையிலிருந்து கொடி சரிவதைக் கண்ட கார்னி, தம் துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடிச்சென்று, அது மண்ணில் விழுமுன் பற்றிக்கொண்டார். காலில் குண்டு பாய்ந்தது. அந்நிலையிலும் அகழியைக் கடந்து, மணற்சரிவில் ஏறி, மதிலின் உச்சியை அடைந்து கொடியை நிறுத்தினார்.

கர்னல் ஷா அதே மதிலின்மேல் குண்டடிபட்டு உயிர்நீத்தார். சுற்றிலும் தோழர்கள் இறந்தும் குற்றுயிராகவும் கிடக்க, கார்னி கொடிக்கம்பத்தைப் பற்றியவாறு மதிலின் வெளிச்சரிவில் நெடுநேரம் காத்திருந்தார். இருளில் ஒரு படை நெருங்கி வருவதைக் கண்டு, தம் பக்கத்தவர் என்றே முதலில் எண்ணினார். அவர்கள் பகைவர் என்பது தெரிந்ததும், கொடியைக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கினார். அகழிநீர் இடுப்பளவு இருந்தது. மீண்டும் மீண்டும் குண்டுகள் அவரைத் தாக்கின. நிற்க முடியாமல் ஒரு முழங்காலை ஊன்றி ஊர்ந்தார். வழியில் அவரைக் கண்ட வேறொரு படைப்பிரிவின் வீரர், தாம் கொடியை வாங்கிக்கொள்வதாகக் கூறினார். தம் படைப்பிரிவைச் சேராத எவரிடமும் அதனைக் கொடுப்பதில்லை என்று கார்னி மறுத்துவிட்டார்.

மருத்துவக் கூடாரத்தை அடைந்தபோது அவருடைய உடல் முழுவதும் குருதி படிந்திருந்தது. கொடியை அவர் கையில் கண்ட தோழர்கள் ஆரவாரம் செய்தனர். அந்தக் கொடி ஒருபோதும் மண்ணைத் தொடவில்லை என்று மட்டும் அவர்களிடம் கூறிவிட்டு, அவர் மயங்கிச் சாய்ந்தார்.

அன்றிரவு கோட்டை வீழவில்லை. 54ஆவது படைப்பிரிவில் ஏறத்தாழ 270 பேர் இறந்தோ, காயமுற்றோ, பிடிபட்டோ போயினர். உயர் அதிகாரிகளின் உடலைப் பகைவரிடம் ஒப்படைப்பது அந்நாளைய போர்மரபு. ஷாவின் உடலோ அவருடைய கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் இடப்பட்டது. அவரை இழிவுபடுத்தும் நோக்குடன் அவ்வாறு செய்தனர். ஆனால், தம் வீரர்களோடு துயில்வதைவிடப் பெருமையான இடம் தம் மகனுக்கு வேறில்லை என்று கருதிய பெற்றோர், உடலைத் தோண்டியெடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டனர். சில வாரங்கள் நீடித்த முற்றுகைக்குப்பின், செப்டம்பர் மாதத்தில் தென்மாநிலப் படையினர் தாமாகவே அக்கோட்டையைவிட்டு அகன்றனர்.

தெரிந்து தெளிவோம்
வாக்னர் கோட்டைத் தாக்குதலுக்குப்பின், கறுப்பினத்தவரின் போர்த்திறன் குறித்து வடக்கில் நிலவிய ஐயம் பெரிதும் குறைந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடமாநிலத் தரைப்படையில் பணியாற்றினர். அவர்களுள் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தனர். போரில் பட்ட காயங்களைவிட நோயால் மாண்டோரே மிகுதி.

ஊதியம் மறுத்த படை

பகைவரின் குண்டுகளை எதிர்கொண்ட அதே காலத்தில், தம் அரசின் பாகுபாட்டையும் 54ஆவது படைப்பிரிவு எதிர்கொண்டது. மற்றப் படைவீரர்களுக்கு நிகரான ஊதியம் வழங்கப்படும் என்ற உறுதியை நம்பியே அவர்கள் சேர்ந்திருந்தனர். வெள்ளை வீரர் ஒருவருக்கு மாத ஊதியம் 13 டாலர், உடைச்செலவு தனி. கறுப்பின வீரருக்கோ 10 டாலர் மட்டுமே. அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம் செய்யப்படும் என அரசு அறிவித்தது. எஞ்சுவது 7 டாலர். பாதியைச் சற்றே மிஞ்சிய தொகை.

இச்செய்தி வாக்னர் கோட்டைத் தாக்குதலுக்கு முன்பே அவர்களை எட்டிவிட்டது. குறைந்த ஊதியத்தை வாங்குவதில்லை என்று படைப்பிரிவு முழுவதும் உறுதிபூண்டது. குறையும் தொகையைத் தாமே தருவதாக மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோதும், அதனை ஏற்க மறுத்தனர். அவர்கள் கேட்டது பணத்தை மட்டுமன்று. தாம் மற்றவர்க்கு நிகரான படைவீரர் என்பதை அரசு ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதையே கேட்டனர். ஊரில் மனைவி மக்கள் வறுமையில் வாடினர். ஊதியமின்றியே அவர்கள் காவல்காத்தனர், அகழி தோண்டினர், போரிட்டனர். வேறொரு கறுப்பினப் படைப்பிரிவில் இதே அநீதியை எதிர்த்துத் தம் வீரர்களோடு ஆயுதங்களைக் கீழே வைத்த வில்லியம் வாக்கர் என்னும் சார்ஜண்ட், கலகம் செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1864இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1864ஆம் ஆண்டு சூன் மாதம் நாடாளுமன்றம் சம ஊதியத்திற்கு வழிவகுக்கும் சட்டத்தை இயற்றியது. ஏறத்தாழ 18 மாத ஊதியமறுப்பிற்குப்பின், அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் 54ஆவது படைப்பிரிவினர் தமக்குரிய ஊதியத்தை முழுமையாகப் பெற்றனர். அதற்குள், காயங்களின் விளைவால் போரிட இயலாத நிலையிலிருந்த கார்னி, 1864 சூன் 30ஆம் நாள் படையிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார்.

மடல் சுமந்த ஆண்டுகள்

1865இல் போர் முடிந்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 14ஆவது திருத்தம் குடியுரிமையையும், 15ஆவது திருத்தம் இனத்தின் பெயரால் மறுக்கப்படாத வாக்குரிமையையும் வழங்கின. படையில் சேர்ந்தபோது சட்டத்தின் பார்வையில் குடிமகனாக இல்லாத கார்னி, இப்போது குடிமகனானார்.

அவர் நியூ பெட்ஃபோர்டுக்குத் திரும்பி, சுசன்னா வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். நகரின் தெருவிளக்குகளை மேற்பார்வையிடும் பணியில் இருந்தார். சிறிதுகாலம் கலிஃபோர்னியா சென்றும் பிழைத்துப் பார்த்தார். 1869இல் தம் ஊரில் அஞ்சல்காரராகப் பணியேற்றார். குண்டு பாய்ந்த கால்களோடு தெருத்தெருவாக நடந்து, 32 ஆண்டுகள் அவர் மடல்களைக் கொண்டுசேர்த்தார். அந்நகர அஞ்சல்காரர் சங்கக் கிளையைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். எழுத்தறிவு தடைசெய்யப்பட்ட மண்ணில் மறைவாகப் படித்தவர், வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறர் எழுதிய மடல்களை உரியவரிடம் சேர்ப்பதில் கழித்தார். கோட்டையில் நிகழ்ந்ததைப் பற்றிக் கேட்டவர்களிடம், தம் கடமையைச் செய்ததாக மட்டுமே அவர் கூறிவந்தார்.

காலம் தாழ்ந்து வந்த சிறப்பு

1897ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், பாஸ்டன் நகரில் மாநில அரசு மாளிகைக்கு எதிரே, ஷாவும் அவருடைய வீரர்களும் அணிவகுத்துச் செல்லும் காட்சியைக் காட்டும் வெண்கலச் சிற்பம் திறந்துவைக்கப்பட்டது. சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கௌடன்ஸ் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய படைப்பு அது. அதில் கறுப்பின வீரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகம் தந்தார் சிற்பி. விழாவில் கல்வியாளர் புக்கர் வாஷிங்டன் உரையாற்றியபோது, அவையில் அமர்ந்திருந்த கார்னி அந்தப் பழைய கொடியை உயர்த்திப் பிடித்தார். அவையோர் எழுந்து ஆரவாரித்தனர்.

1900ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், ‘மெடல் ஆஃப் ஆனர்’ என்னும் அமெரிக்காவின் மிகவுயர்ந்த வீரப்பதக்கம் கார்னிக்கு வழங்கப்பட்டது. அவருக்கு முன்பே வேறு சில கறுப்பின வீரர்கள் அப்பதக்கத்தைப் பெற்றிருந்தனர். அவர்களுடைய செயல்களுக்கெல்லாம் காலத்தால் முந்தியது வாக்னர் கோட்டையில் கார்னி ஆற்றிய செயல்.

பதக்கம் வந்த காலத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். போரின் பயனாகக் கிடைத்த உரிமைகள் அந்நாளில் தெற்கே ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டுவந்தன. தேர்வு, வரி என்னும் பெயர்களால் வாக்குரிமை முடக்கப்பட்டது. கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கிவைக்கும் சட்டங்களை 1896இல் உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஒருவருடைய வீரத்திற்குப் பதக்கமளித்த நாடு, அவருடைய இனத்தவர்க்கு உரிய இடத்தை அளிக்கவில்லை. அந்த உரிமைகளை மீட்க மேலும் இரண்டு தலைமுறையினர் போராட வேண்டியிருந்தது.

அஞ்சல்பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், கார்னி பாஸ்டனிலுள்ள மாநில அரசு மாளிகையில் ஏவலராகப் பணியாற்றினார். அங்கு மின்தூக்கியில் நேர்ந்த விபத்தில் கால் நசுங்கி, 1908ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் உயிர்நீத்தார். அவருடைய மறைவிற்காக அம்மாளிகையின் கொடி அரைக்கம்பத்தில் பறக்கவிடப்பட்டது. பெரும்பதவி வகித்தோருக்கே அதுவரை உரியதாயிருந்த அம்மரியாதை, ஏவலராகப் பணியாற்றிய ஒரு கறுப்பினக் குடிமகனுக்கு அளிக்கப்பட்டது. அவருடைய உடல் நியூ பெட்ஃபோர்டில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் காத்த கொடியை மாசசூசெட்ஸ் மாநிலம் இன்றும் பாதுகாத்து வருகிறது.

கார்னி கொடியைத் தாங்கியது ஓர் இரவு. ஊதியம் மறுத்து உரிமைக்காக நின்றது பல மாதங்கள். ஏற்பு வரும் என்னும் உறுதி ஏதுமின்றி, தம் கடமையைச் செய்தபடி நேர்மையாக வாழ்ந்தது 45 ஆண்டுகள். மதிலின்மேல் நின்ற மனவுறுதியே அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அவர் ஏந்திய கொடி மண்ணைத் தொடவில்லை; அவருடைய தன்மதிப்பும் தாழவில்லை.